வியர்வையைப் படிக்கும் சென்சார்கள்: அவை சொல்வதில் எதை நம்பலாம்?

1948ஆம் ஆண்டுக் கோடையில் நியூயார்க் நகரத்தைக் கடுமையான வெப்ப அலை வாட்டியது. வெயில் தாங்காமல் துவண்டு மருத்துவமனைக்கு வந்த குழந்தைகளில், சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோய் உள்ளவர்கள் வழக்கத்துக்கு மாறாக அதிகம் இருப்பதை மருத்துவர்கள் கவனித்தார்கள். நுரையீரலிலும் கணையத்திலும் சளி கெட்டியாகித் தேங்கும் நோய் அது. அதற்கும் வெயிலுக்கும் என்ன தொடர்பு? பால் டி சான்ட் அக்னீஸ் என்ற குழந்தை மருத்துவர் இந்தக் கேள்வியை விடாமல் பின்தொடர்ந்தார். 1953இல் அவரும் அவரோடு பணியாற்றியவர்களும் விடையை வெளியிட்டார்கள். இந்தக் குழந்தைகளின் வியர்வையில் உப்பு மிக அதிகம். வியர்க்க வியர்க்க உடம்பின் உப்பு வடிந்துபோய்விடுகிறது. அதனால்தான் மற்ற குழந்தைகள் தாங்கிய வெயிலை இவர்களால் தாங்க முடியவில்லை.

இதை மருத்துவம் கண்டுபிடிப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே ஐரோப்பாவில் ஒரு நம்பிக்கை இருந்தது. நெற்றியில் முத்தமிடும்போது உப்புக் கரிக்கும் குழந்தை நெடுநாள் வாழாது என்பார்கள். படிக்கும்போதே மனம் கனக்கிறது. ஆனால் அந்தத் தாய்மார்கள் உணர்ந்தது உண்மையான ஒரு நோய்க்குறி. கருவி இல்லாத காலத்தில் உதடுதான் அவர்களுக்குக் கருவி.

1959இல் கிப்சன், குக் என்ற இருவர் இதை முறையான பரிசோதனையாக்கினார்கள். பைலோகார்பின் என்ற மருந்தை முன்கையில் வைத்து, மிகச் சிறிய மின்னோட்டத்தால் தோலுக்குள் செலுத்துவார்கள். அந்த இடம் மட்டும் வியர்க்கத் தொடங்கும். அரை மணி நேரம் அந்த வியர்வையைச் சேகரித்து, அதில் குளோரைடு எவ்வளவு என்று அளப்பார்கள். உப்பின் ஒரு பாதி சோடியம், மறுபாதி குளோரைடு. அதன் அளவை மில்லிமோல் என்ற அலகில் சொல்வார்கள். லிட்டருக்கு 60 மில்லிமோலோ அதற்கு மேலோ இருந்தால் நோய் இருக்கிறது என்று கொள்ளலாம். 30க்குக் கீழே என்றால் இருக்க வாய்ப்பு குறைவு. இடைப்பட்டதென்றால் மேற்கொண்டு பார்க்க வேண்டும். மரபணுப் பரிசோதனைகள் வந்துவிட்ட இன்றைக்கும் இந்தப் பரிசோதனையை யாரும் ஒதுக்கி வைக்கவில்லை.

ஊசி இல்லை, ரத்தம் இல்லை, குழந்தைக்குப் பெரிய வலி இல்லை. இவ்வளவு நம்பகமாக வியர்வை பேசுகிறது என்றால், ஆய்வகத்தில் செய்வதை ஒரு சின்ன ஒட்டுப்பட்டைக்குள் அடக்கித் தோலிலேயே ஒட்டிவிட்டால் என்ன? நாள் முழுக்க அது அளந்துகொண்டே இருக்குமே! வியர்வை சென்சார்களின் பின்னால் இருக்கும் ஆசை இதுதான். நல்ல ஆசைதான். ஆனால் எல்லாக் கேள்விகளுக்கும் வியர்வையிடம் பதில் கிடையாது. எதற்கு உண்டு, எதற்கு இல்லை என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால், இந்தத் துறையைப் பற்றி வரும் செய்திகளையும் விளம்பரங்களையும் நீங்களே எடைபோட்டுவிடலாம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். சில ஸ்மார்ட்வாட்ச்கள் மன அழுத்தத்தைக் கணிக்கத் தோல் எவ்வளவு மின்சாரம் கடத்துகிறது என்று பார்க்கின்றன. பதற்றத்தில் லேசாக வியர்க்கும்போது கடத்தும் திறன் கூடும், அவ்வளவுதான். வியர்வைக்குள் என்ன இருக்கிறது என்று அவை பார்ப்பதில்லை. இந்தக் கட்டுரை வியர்வையின் வேதியியலைப் படிக்கும் சென்சார்களைப் பற்றியது.

வியர்வை எப்படி உருவாகிறது?

நம் உடம்பில் சுமார் 20 முதல் 40 லட்சம் எக்ரைன் வியர்வைச் சுரப்பிகள் இருக்கின்றன. உள்ளங்கை, உள்ளங்கால், நெற்றி ஆகிய இடங்களில் நெருக்கமாக இருக்கும். அக்குளில் இருக்கும் அபோக்ரைன் சுரப்பிகள் வேறு வகை. உடம்பைக் குளிர வைப்பது எக்ரைன் சுரப்பிகளின் வேலை. ஒரு லிட்டர் வியர்வை முழுதாக ஆவியாகும்போது ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது.

ஒவ்வொரு சுரப்பியும் ஒரு மெல்லிய குழாய். அதன் அடிப்பகுதி தோலுக்கு உள்ளே சுருண்டு கிடக்கும். மேல்பகுதி நேராக ஏறித் தோலின் மேற்பரப்பில் திறக்கும். வேலை இரண்டு கட்டங்களாக நடக்கிறது. அடியில் உள்ள சுருளில் முதல் வியர்வை சுரக்கிறது. அப்போது அதன் உப்பு ஏறக்குறைய ரத்த நீரின் உப்பு அளவுக்கே இருக்கும். அப்புறம் அது குழாய் வழியே மேலேறும்போது, குழாயின் சுவர் சோடியத்தையும் குளோரைடையும் திரும்ப உறிஞ்சி உடம்புக்கே கொடுத்துவிடுகிறது. தண்ணீரை வெளியே விட்டாலும் உப்பை வீணாக்காமல் காப்பாற்றும் ஏற்பாடு இது. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸில் பழுதாவது இந்த இடம்தான். குளோரைடை உள்ளே இழுக்கும் வாயில் வேலை செய்யாததால் உப்பு அப்படியே வெளியே வந்துவிடுகிறது.

இந்த இரண்டாவது கட்டத்தைக் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். பின்னால் வரப்போகிற சிக்கல்களில் பாதிக்கு இதுதான் காரணம். ரயில் நிலைய வாசலில் ஒரே ஒரு டிக்கெட் பரிசோதகர் நிற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பயணிகள் ஒவ்வொருவராக நிதானமாக வந்தால் எல்லோரையும் பார்த்துவிடுவார். ஒரே நேரத்தில் கூட்டம் முட்டிக்கொண்டு வந்தால் பாதிப் பேர் அவரைத் தாண்டிப் போய்விடுவார்கள். வியர்வைக் குழாயும் இப்படித்தான். மெதுவாக வியர்க்கும்போது பெரும்பகுதி உப்பைப் பிடித்துக்கொள்கிறது. வியர்வை வேகமாகப் பெருக்கெடுத்தால் உறிஞ்சப் போதிய நேரமில்லை, உப்பு தப்பிவிடுகிறது.

ஆக, உங்கள் வியர்வையில் சோடியம் கூடியிருக்கிறது என்று சென்சார் காட்டினால், ரத்தத்தில் சோடியம் கூடிவிட்டது என்று நினைக்கக் கூடாது. நீங்கள் முன்பைவிட வேகமாக வியர்க்கிறீர்கள் என்பது மட்டுமே காரணமாக இருக்கலாம். எவ்வளவு வேகமாக வியர்க்கிறது என்பதைச் சேர்த்து அளக்காத சென்சார், சோடியத்தைப் பற்றிப் பாதிக் கதைதான் சொல்லும்.

ரத்தத்தின் நகல் அல்ல

வியர்வையில் சுமார் 99 விழுக்காடு தண்ணீர். மீதியில்தான் சோடியம், குளோரைடு, பொட்டாசியம், லாக்டேட், யூரியா, அம்மோனியா, சொற்ப அளவில் குளுக்கோஸ், மன அழுத்தத்தில் கூடும் கார்டிசோல் போன்ற ஹார்மோன்கள் எல்லாம் இருக்கின்றன. ரத்தத்தில் சோடியம் லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் என்ற குறுகிய எல்லைக்குள் நிற்கும். உடம்பு அதை அவ்வளவு கண்டிப்பாகக் காக்கிறது. வியர்வையிலோ ஒருவருக்கு 20 இருக்கும், இன்னொருவருக்கு 80 இருக்கும். இரண்டு பேரும் ஆரோக்கியமானவர்களாகவே இருக்கலாம்.

லாக்டேட் கதை இன்னும் சுவையானது. கடும் உடற்பயிற்சியில் தசைகள் லாக்டேட்டை உருவாக்கும், அது ரத்தத்தில் ஏறும். பயிற்சியாளர்கள் விரல் நுனியில் குத்தி அதை அளப்பது உண்டு. வியர்வையிலும் லாக்டேட் நிறைய இருக்கிறது, ரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு. அப்படியானால் வியர்வையை அளந்தால் போதுமே என்று தோன்றும். ஆனால் அந்த லாக்டேட்டில் பெரும்பகுதியைத் தயாரிப்பது வியர்வைச் சுரப்பியேதான். வியர்வையைச் சுரக்க அதற்குச் சக்தி வேண்டும். அந்தச் சக்திக்காகச் சர்க்கரையை எரிக்கும்போது உண்டாகும் லாக்டேட் வியர்வையோடு வெளியே வருகிறது. கால் தசை எவ்வளவு உழைக்கிறது என்று நீங்கள் கேட்கிறீர்கள், சுரப்பியோ தன் உழைப்பைச் சொல்கிறது.

இந்தத் துறையைப் புரிந்துகொள்ள நான் எப்போதும் கையில் வைத்திருக்கும் கேள்வி இது: சென்சார் காட்டும் இந்த எண் ரத்தத்தைப் பற்றியதா, சுரப்பியைப் பற்றியதா? சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் பரிசோதனை ஏன் இவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்பதற்கும் விடை இதிலேயே இருக்கிறது. அங்கே நமக்குத் தெரிய வேண்டியதே வியர்வைக் குழாயில் உள்ள பழுது. சுரப்பியைப் பற்றிச் சுரப்பியிடமே கேட்கிறோம்.

பட்டைக்குள் என்ன இருக்கிறது?

சென்சார் செய்ய வேண்டிய முதல் வேலை வியர்வையைப் பிடிப்பது. கேட்க எளிது, செய்வது மிகக் கடினம். ஒரு சுரப்பி நிமிடத்துக்குச் சில நானோலிட்டர்தான் தரும். ஒரு நானோலிட்டர் என்பது ஒரு மில்லிலிட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. முன்கையில் ஒரு சதுர சென்டிமீட்டரில் ஏறத்தாழ 100 சுரப்பிகள், ஒவ்வொன்றும் நிமிடத்துக்கு 5 நானோலிட்டர் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் அரை மைக்ரோலிட்டர். கண் மருந்து பாட்டிலிலிருந்து விழுகிற அளவுக்கு ஒரே ஒரு சொட்டு சேர ஒன்றரை மணி நேரம் ஆகும். அதற்குள் பாதி ஆவியாகிவிட்டால் மீதியில் எல்லாமே இரட்டிப்புச் செறிவாகத் தெரியும், அளவீடு பொய்யாகிவிடும். பழைய வியர்வையும் புதிய வியர்வையும் கலந்துவிட்டாலும் கதை கெட்டது. தோலில் ஏற்கெனவே காய்ந்து கிடக்கும் உப்பு, தடவிய கிரீம், தோலில் வாழும் பாக்டீரியா என்று குறுக்கே வர இன்னும் பல இருக்கின்றன.

இதற்குக் கிடைத்த அழகான தீர்வு, தலைமுடி அளவுக்கு மெல்லிய கால்வாய்கள். மென்மையான சிலிகான் ரப்பர் தகட்டில் இந்தக் கால்வாய்களைச் செதுக்கி, அடியில் தோலைப் பார்த்தபடி சின்னத் துளை விட்டுவிடுவார்கள். சுரப்பி தரும் அழுத்தத்திலேயே வியர்வை கால்வாய்க்குள் ஏறும். பம்ப் எதுவும் வேண்டாம். மூடிய கால்வாய் என்பதால் ஆவியாவதும் குறையும். கால்வாயில் எவ்வளவு தூரம் நிரம்பியிருக்கிறது என்று பார்த்தாலே எவ்வளவு வியர்த்திருக்கிறது என்று தெரிந்துவிடும்.

பிடித்த வியர்வையை அளக்கப் பல வழிகள் உண்டு. மிக எளிமையானது நிறம். வேதிப்பொருள் தடவிய சிறு அறைக்குள் வியர்வை நுழைந்ததும் நிறம் மாறும். குளோரைடு கூடக் கூட நிறம் அழுத்தமாகும். அதைக் கைபேசி கேமராவில் படம் எடுத்தால் செயலி நிறத்தை அளந்து எண்ணாக மாற்றிவிடும். பட்டையில் பேட்டரியே தேவையில்லை. ஜான் ரோஜர்ஸ் தலைமையிலான அமெரிக்க ஆய்வுக்குழு 2016இல் இப்படி ஒரு பட்டையை வெளியிட்டது. அரிசோனாவின் டூசான் நகரில் நடக்கும் நெடுந்தூர சைக்கிள் ஓட்டத்தில் கலந்துகொண்டவர்களின் கையில் ஒட்டி அதைச் சோதித்தும் பார்த்தார்கள். அந்த ஆய்விலிருந்து பிறந்த எபிகோர் பயோசிஸ்டம்ஸ் நிறுவனத்தின் தொழில்நுட்பத்தில் 2021இல் கேட்டரேட் நிறுவனம் ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் வியர்வைப் பட்டையைக் கடைக்குக் கொண்டுவந்தது.

இரண்டாவது வழி மின்சாரம். சோடியம், பொட்டாசியம் போன்றவை கரைசலில் மின்னூட்டம் உள்ள அயனிகளாக இருக்கின்றன. ஒரு மின்முனையின் மேல் சிறப்பான ஒரு படலத்தைப் பூசி, குறிப்பிட்ட ஒரே ஒரு அயனியை மட்டும் அது பற்றிக்கொள்ளும்படி செய்துவிடலாம். பொட்டாசியத்துக்கு வாலினோமைசின் என்ற மூலக்கூறு இருக்கிறது. பொட்டாசியம் அதற்குள் கச்சிதமாகப் பொருந்தும், சோடியம் பொருந்தாது. வியர்வையில் அந்த அயனி கூடினால் மின்முனையின் மின்னழுத்தமும் மாறும். அந்த மாற்றத்துக்குத் திட்டமான கணக்கு இருக்கிறது: 25 டிகிரி செல்சியஸில் செறிவு 10 மடங்கு கூடினால் சுமார் 59 மில்லிவோல்ட். இதைத் தலைகீழாகப் போட்டுப் பாருங்கள். செறிவு 10 விழுக்காடு கூடினால் மாற்றம் இரண்டரை மில்லிவோல்ட் கூட வராது. மின்முனை சூட்டிலோ அசைவிலோ அந்த அளவுக்குத் தானாகவே நகர்ந்துவிட்டால், ஒன்றுமே மாறாதபோதும் 10 விழுக்காடு மாறியதாகத் திரை காட்டும். உழைப்பில் பெரும்பங்கு இந்த நகர்வைக் கட்டுப்படுத்தவே செலவாகிறது.

குளுக்கோஸ், லாக்டேட் போன்றவற்றுக்கு மின்னூட்டத்தை நம்ப முடியாது. அங்கே என்சைம்கள் வருகின்றன, அதாவது வேதிவினைகளை முடுக்கிவிடும் புரதங்கள். குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்ற என்சைம் குளுக்கோஸை மட்டும் தேடிப் பிடித்து ஆக்சிஜனோடு வினைபுரியச் செய்யும். அதில் ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாகும். மின்முனை அந்தப் பெராக்சைடை மின்னோட்டமாக மாற்றும். வீட்டில் விரலைக் குத்தி அளக்கும் குளுக்கோமீட்டர் பட்டைகளிலும் அடிப்படை இதே மாதிரிதான், என்சைமின் உதவியால் சர்க்கரையை மின்னோட்டமாக்குவது. என்சைம் உயிரியல் பொருள் என்பதால் சூடு பட்டால் அதன் வேகம் மாறும், நாளாக ஆகச் சோர்ந்துபோகும்.

இந்த இரு வகை மின்முனைகளையும் ஒரே கைப்பட்டைக்குள் கொண்டுவந்த ஆய்வு 2016 ஜனவரியில் வெளிவந்தது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் அலி ஜாவே, வெய் காவ் ஆகியோரின் குழு செய்தது. குளுக்கோஸ், லாக்டேட், சோடியம், பொட்டாசியம், அவற்றோடு தோலின் வெப்பநிலை என ஐந்தையும் ஒரே நேரத்தில் அது அளந்தது. வெப்பநிலை எதற்கு என்று கேட்கலாம். என்சைமின் வேகம் சூட்டுக்கு ஏற்ப மாறும் என்று பார்த்தோமே, அந்தப் பிழையை அங்கேயே திருத்திக்கொள்வதற்குத்தான். இந்த ஒரு விவரத்துக்காகவே அந்த ஆய்வு எனக்குப் பிடிக்கும். அளப்பவர் தன் அளவுகோலையே சந்தேகிப்பதுதான் நல்ல அறிவியலின் அடையாளம்.

உட்கார்ந்திருப்பவரிடம் வியர்வைக்கு எங்கே போவது?

ஓடுகிறவரிடம் வியர்வைக்குப் பஞ்சமில்லை. ஆனால் உடல்நிலையைத் தொடர்ந்து கவனிக்க வேண்டியவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள், நோயாளிகள், அமர்ந்திருப்பவர்கள். அவர்களை ஓடச் சொல்ல முடியாது. 1959ஆம் ஆண்டின் பைலோகார்பின் முறையைச் சின்னதாக்கிப் பட்டைக்குள்ளேயே வைப்பது ஒரு வழி. கார்பகால் என்ற மருந்தைப் பயன்படுத்தினால் ஒருமுறை தூண்டிய பிறகு நெடுநேரம் வியர்வை வரும். இன்னொரு வழி விரல் நுனி. அங்கே சுரப்பிகள் நெருக்கமாக இருப்பதால், சும்மா இருக்கும்போதே மெல்லிய ஈரம் கசிந்துகொண்டிருக்கும். சான் டியேகோவில் ஜோசப் வாங் குழுவினர் விரலை வைத்தால் போதும் என்கிற அளவுக்குச் சென்சார்களைச் செய்திருக்கிறார்கள். பச்சை குத்தியதுபோல் தோலில் ஒட்டும் லாக்டேட் சென்சாரை 2013இல் வெளியிட்டதும் அவர்களே.

எங்கே நன்றாக வேலை செய்கிறது?

உடல் வியர்வையாக எவ்வளவு நீரையும் உப்பையும் இழக்கிறது என்ற கேள்விக்கு வியர்வை சென்சாரைவிடப் பொருத்தமான ஆள் இல்லை. வெப்பத்தில் பல மணி நேரம் உழைப்பவர்கள், நெடுந்தூரம் ஓடுபவர்கள், கனமான பாதுகாப்பு உடை அணிந்து வேலை செய்பவர்கள் ஆகியோருக்கு இது உயிர்காக்கும் தகவல். ஒரே வேலையைச் செய்யும் இருவரில் ஒருவர் மணிக்கு அரை லிட்டரும் இன்னொருவர் ஒன்றரை லிட்டரும் இழக்கலாம். எல்லோருக்கும் ஒரே அளவு தண்ணீர் என்ற அறிவுரை அதனால்தான் பலருக்குப் பொருந்துவதில்லை.

தண்ணீர் குறைந்தால் ஆபத்து என்று எல்லோருக்கும் தெரியும். மிகுந்தாலும் ஆபத்து என்பது பலருக்குத் தெரியாது. 2002ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் ஓடி முடித்த 488 பேரின் ரத்தத்தை ஆய்வு செய்தபோது 13 விழுக்காட்டினருக்குச் சோடியம் இயல்பைவிடக் குறைந்திருந்தது. முக்கியக் காரணம் அளவுக்கு மிஞ்சிக் குடித்த நீர். ஓட்டம் முடிந்தபோது எடை கூடியிருந்தவர்களிடம் இது அதிகம் காணப்பட்டது. எவ்வளவு இழந்தோம் என்று தெரிந்தால், எவ்வளவு குடிக்க வேண்டும் என்பதோடு எங்கே நிறுத்த வேண்டும் என்பதும் தெரியும்.

மது இன்னொரு நல்ல உதாரணம். ஆல்கஹால் சிறிய மூலக்கூறு, நீரில் எளிதாகக் கரையும், எந்தத் தடையுமின்றித் தோல் வழியே ஆவியாகவும் வியர்வையாகவும் வெளியேறும். அமெரிக்காவில் நீதிமன்ற உத்தரவுப்படி சிலர் அணியும் ஸ்க்ராம் கணுக்கால் பட்டை அரை மணிக்கு ஒருமுறை இதை அளக்கிறது. ரத்தத்தில் ஏறியது தோலில் தெரியக் கொஞ்ச நேரம் பிடிக்கும். இந்த நிமிடம் எவ்வளவு என்பதற்கு அது சரிவராது, இன்று குடித்தாரா என்பதற்குச் சரியாக வரும்.

சிஸ்டிக் ஃபைப்ரோசிஸிலும் வியர்வையின் பணி நோயைக் கண்டுபிடிப்பதோடு முடியவில்லை. 2012இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஐவகாஃப்டர் என்ற மருந்து, அந்தக் குளோரைடு வாயிலையே திறக்கவைக்கிறது. மருந்து வேலை செய்கிறதா என்று எப்படி அறிவது? வியர்வையில் குளோரைடு குறைகிறதா என்று பார்த்தார்கள். வெகுவாகக் குறைந்தது. ஒரு காலத்தில் நெற்றி முத்தத்தில் தெரிந்த கெட்ட செய்தி, இப்போது மருந்து பலிக்கிறது என்ற நல்ல செய்தியாகவும் வருகிறது. வியர்வை அறிவியலில் என் மனதுக்கு மிக நெருக்கமான பக்கம் இது.

எங்கே இன்னும் வேலை செய்யவில்லை?

அதிகம் பேர் எதிர்பார்ப்பது ரத்தச் சர்க்கரை. நாளுக்குப் பலமுறை விரலைக் குத்திக்கொள்பவர்களின் வேதனை சின்னதல்ல. ஆகவே இந்த எதிர்பார்ப்பை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் வியர்வையில் குளுக்கோஸ் ரத்தத்தில் இருப்பதில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்குதான். விரலில் ஒட்டியிருக்கும் கண்ணுக்குத் தெரியாத சர்க்கரைத் துணுக்குகூட அந்த அளவீட்டைப் புரட்டிப்போடும். வியர்வையின் வேகம் மாறினால் குளுக்கோஸின் அளவும் மாறும். தோலில் உள்ள பாக்டீரியாவும் அதை உண்ணும். ரத்தத்தில் சர்க்கரை ஏறியதற்கும் வியர்வையில் தெரிவதற்கும் இடையே இத்தனை பேர் கைவைக்கிறார்கள். ஆய்வகத்தில் கட்டுப்பாட்டோடு செய்யும்போது ஓரளவு ஒத்துப்போவது, அன்றாட வாழ்க்கையில் கைவிட்டுவிடுகிறது.

இதற்கு ஒரு முன்கதை உண்டு. 2001இல் அமெரிக்காவில் குளுக்கோவாட்ச் என்ற கைக்கடிகாரத்துக்கு அனுமதி கிடைத்தது. அது மின்னோட்டத்தின் உதவியால் தோலுக்கு அடியில் உள்ள திசுநீரை மேலே இழுத்துச் சர்க்கரையை அளந்தது. அணிந்த இடத்தில் தோல் சிவந்து எரிந்தது. அணிந்தவருக்கு வியர்த்தால் அளவீடு கெட்டுவிடும் என்பதால், வியர்வையைக் கண்டதும் அந்த அளவீட்டையே அது விட்டுவிடும். சர்க்கரை திடீரென்று இறங்கும்போது உடம்பு வியர்க்கும் என்பதை நினைத்துப் பாருங்கள். மிகவும் தேவைப்படும் நேரத்தில் அது மௌனமாகிவிட்டது. சில ஆண்டுகளில் சந்தையிலிருந்தும் போய்விட்டது.

இப்போது பலர் கையில் ஒட்டிக்கொள்ளும் தொடர் குளுக்கோஸ் கண்காணிப்புக் கருவிகள் வியர்வையை அளப்பவை அல்ல. மெல்லிய இழை ஒன்று தோலுக்குள் நுழைந்து திசுநீரை அளக்கிறது. தோலைத் துளைக்காமல் ரத்தச் சர்க்கரையை அளப்பதாகச் சொல்லும் எந்தக் கைக்கடிகாரத்துக்கும் மோதிரத்துக்கும் தாங்கள் அனுமதி தரவில்லை என்று அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. தவறான எண்ணை நம்பி இன்சுலின் போட்டுக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. நீரிழிவு உள்ளவர்கள் தயவுசெய்து இந்த ஒரு விஷயத்தில் சமரசம் செய்துகொள்ளாதீர்கள்.

கார்டிசோல், யூரிக் அமிலம் போன்றவை நடுவில் நிற்கின்றன. 2018இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகக் குழு கார்டிசோலை அளக்கும் பட்டையையும், 2019இல் கால்டெக் எனப்படும் கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் வெய் காவ் குழு யூரிக் அமிலத்தை அளக்கும் சென்சாரையும் வெளியிட்டன. மூட்டுகளில் யூரிக் அமிலம் படிந்து வலிக்கும் கௌட் நோயாளிகளுக்கு இரண்டாவது பயன்படலாம். நம்பிக்கை தரும் தொடக்கங்கள்தான். வேறுவேறு வயதும் தோலும் நோயும் உள்ள ஏராளமானவர்களிடம், நாள்கணக்கில், ரத்தப் பரிசோதனையோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே மருத்துவர் இந்த எண்களை வைத்து மருந்தை மாற்ற முடியும்.

ஒரு பட்டையை வாங்கும் முன்

யாராவது உங்களிடம் வியர்வை சென்சார் ஒன்றைக் காட்டினால், அது எதை அளக்கிறது என்பதோடு, அந்த எண் எந்த முடிவுக்கு உதவும் என்றும் கேளுங்கள். வியர்க்கும் வேகத்தைச் சேர்த்து அளக்கிறதா? பட்டை ஒட்டிய ஒரு இடத்தை வைத்து உடம்பு முழுவதற்கும் எப்படிக் கணக்குப் போடுகிறது? நெற்றியும் முதுகும் முன்கையும் ஒரே மாதிரி வியர்ப்பதில்லை என்பதால் இது முக்கியம். ரத்தத்தைப் பற்றி எதையாவது சொல்கிறதென்றால், மருத்துவக் கருவியாக அனுமதி பெற்றிருக்கிறதா?

நீரிழப்பை அளக்கும் பட்டை என்றால் நீங்களே அதைச் சரிபார்க்கலாம். உடற்பயிற்சிக்கு முன் சிறுநீர் கழித்துவிட்டு, குறைந்த உடையோடு எடை பாருங்கள். முடித்ததும் உடம்பைத் துடைத்துவிட்டு, அதே மாதிரி மறுபடி எடை பாருங்கள். இடையில் குடித்த நீரின் எடையைக் குறைந்த எடையோடு கூட்டிக்கொள்ளுங்கள். நடுவில் சிறுநீர் கழித்திருந்தால் அதன் எடையைக் கணக்கிலிருந்து குறைத்துவிடுங்கள். ஒரு கிலோ என்பது ஏறக்குறைய ஒரு லிட்டர் வியர்வை. எடுத்துக்காட்டாக, 70 கிலோ 69.2 ஆகி, இடையில் அரை லிட்டர் குடித்திருந்தால், இழந்தது 1.3 லிட்டர். பட்டை சொல்வதும் அதற்கு அருகில் இருக்க வேண்டும். இத்தாலிய மருத்துவர் சான்டோரியோ 400 ஆண்டுகளுக்கு முன்பு தராசில் தொங்கவிட்ட நாற்காலியில் அமர்ந்து, உண்டதையும் குடித்ததையும் கழித்ததையும் பல ஆண்டுகள் நிறுத்துப் பார்த்தது இதே கணக்கைத்தான். வியர்வையில் எவ்வளவு உப்பு போனது என்பதை மட்டும் எந்தத் தராசாலும் சொல்ல முடியாது. பட்டையிடம் கேட்க வேண்டியது அதைத்தான்.